சார்ஜரை மறந்த திருடன்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீஸின் மாடிப்படி ஏறி வந்த பெண்மணியைப் புது வாடிக்கையாளர் என்று நினைத்து, நான் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பழைய பில்லையும், கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த வெள்ளை முகமூடி ஒன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என் பேரு தனலெட்சுமி. திருடின்னு எழுதிக் குடுத்தீங்களே, அது நான்தான்."

என் பாஸ் சுகுமாறன் கண்ணாடியைக் கழற்றினார். இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய கார்களைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தவர். ஓய்வுக்குப் பிறகு இந்த அறையை வாடகைக்கு எடுத்துத் துப்பறிகிறார். நான் நடாலி, அவருடைய ஒரே உதவியாளர். ஸ்ரீ கெம்பாங்கானில் போன் மூலம் பாலிசி விற்றுக்கொண்டிருந்தேன். வாய் அதிகம் என்று அங்கே அனுப்பிவிட்டார்கள். அந்த வாய்தான் இந்த வழக்கைக் கெடுத்தது.

மூன்று வாரத்துக்கு முன் பண்டமாரானிலிருந்து ரமணி என்பவர் வந்தார். கிள்ளானில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை. ஆறு மாதமாக ஆசைப்பட்டு வாங்கிய சிவப்பு ஒளி முகமூடி வீட்டிலிருந்து காணாமல் போய்விட்டது என்றார். முகமூடியின் உட்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகச் சிவப்பு விளக்குகள். தினமும் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சுருக்கமும் கரும்படையும் குறையும் என்று விற்கிறார்கள். ஊரில் பாதிப் பெண்கள் இதை வாங்கி வைத்திருக்கிறார்கள். என் அக்கா இதைப் போட்டுக்கொண்டு சீரியல் பார்ப்பதால் அவள் பிள்ளைகள் ஹாலுக்கே வருவதில்லை.

ரமணி வீட்டில் பூட்டு உடையவில்லை. வேறு எந்தப் பொருளும் போகவில்லை. அவசரத்துக்கென்று வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் தனலெட்சுமி, கிள்ளானில் ஓர் அழகு நிலையத்தில் வேலை செய்பவர். நான் இணையத்தில் பழைய பொருள் விற்கும் பக்கங்களைத் தேடினேன். கால் மணி நேரத்தில் தனலெட்சுமியின் பெயரிலேயே ஒரு விளம்பரம் கிடைத்தது. அதே கம்பெனி முகமூடி, அதே வெள்ளை. படத்தைப் பிடித்து ரமணிக்கு அனுப்பினேன். சும்மா அனுப்பியிருக்கலாம். கீழே ஒரு வரி எழுதினேன்: 'அக்கா, திருட்டுச் சாமானுக்கே டிஸ்கவுண்ட் போட்டு விக்கிறாங்க.' பாஸ் சிரித்தார். பிறகு இரண்டு பத்தியில் அறிக்கை எழுதி வழக்கை மூடினார்.

அந்த வரியை ரமணி அழகு நிலையத்துக்குப் போய், வாடிக்கையாளர்கள் முன்னால் சத்தமாகப் படித்துக் காட்டினாராம். நிலையத்தின் முதலாளி வாணி, தனலெட்சுமியின் பையை வாங்கிக் கொட்டிப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். தனலெட்சுமி இதையெல்லாம் குரலை உயர்த்தாமல் சொன்னார். அந்த வரியை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நல்லா எழுதியிருந்தீங்க. கடையில எல்லாரும் சிரிச்சாங்க."

நான் மேசைமேல் இருந்த பில்லை எடுத்துப் பிரித்தேன்.

பில் அவர் பெயரில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தையது. வீடு வீடாகப் போய் ஃபேஷியல் செய்வதற்காக வாங்கினாராம். இப்போது எல்லாரும் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதால் யாரும் கூப்பிடுவதில்லை. அதனால்தான் விற்கப் போட்டாராம். பாஸ் முகமூடியைத் தட்டினார். டொக் என்றது. ரமணி கொடுத்த படத்தை எடுத்துப் பார்த்தார். அது ரப்பர் போல மடங்கும் ரகம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம். நாங்கள் தட்டிப் பார்க்கவும் இல்லை, கேட்டுப் பார்க்கவும் இல்லை.

பாஸ் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். தனலெட்சுமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்புறம் அண்ணே. மொதல்ல எடுத்தது யாருன்னு கண்டுபுடிங்க. நான் இந்தத் தொழில்ல பதினெட்டு வருஷம். ஒண்ணு மட்டும் சொல்றேன். ரமணி அக்கா அன்னைக்குக் கடையில கத்துறப்ப, 'சார்ஜரக் கூட விட்டுட்டு அவசரமா தூக்கிட்டா'ன்னு சொன்னாங்க. அந்த ரகத்துக்கு அந்த சார்ஜர்தான். வேற எதுவும் ஒட்டாது. தொழில் தெரிஞ்ச எவளும் அத விட்டுட்டுப் போக மாட்டா."

ஒரு முறை சார்ஜ் போட்டால் எத்தனை நாள் வரும் என்று பாஸ் கேட்டார். பத்து நிமிடக் கணக்கில் நாலு நாள், மிஞ்சினால் ஐந்து என்றார் தனலெட்சுமி. பில்லை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

பாஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் காது சிவந்திருந்தது.

"மூணு வாரம் ஆச்சு நடாலி. எடுத்தவன் அத இன்னும் போட்டுக்கிறான்னா, அது சாப்பிட எங்க போகுது?"

"பாஸ், அது என்ன பூனையா?"

"பூனதான். பசிச்சா வீட்டுக்குத்தான் வரும்."

மதியம் கிளம்பி, என்னுடைய மைவி காரில் கிள்ளான் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. வழியில் பாஸ், அந்த அறிக்கையில் 'ஐயமின்றி' என்ற சொல்லைத் தான் போட்டிருந்ததாகச் சொன்னார். நான் ரேடியோவை அணைத்தேன்.

பண்டமாரானில் ரமணியின் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. சனிக்கிழமை கிளினிக் அரை நாள் என்பதால் அவர் அப்போதுதான் வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமூடி கிடைத்துவிட்டதா என்று கேட்டார். பாஸ் நேரடியாகப் பதில் சொல்லாமல் சார்ஜரைப் பார்க்க வேண்டும் என்றார். முகமூடி போன அன்று அதை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பெட்டியில் வைத்து, பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்ததாகவும், அதற்குப் பிறகு தொடவே இல்லை, பார்த்தாலே எரிச்சல் வருகிறது என்றும் ரமணி சொன்னார். பெட்டியை இறக்கினார்.

பாஸ் மூடியைத் திறந்தார். சார்ஜர் இருந்தது. ரப்பர் பேண்ட் இல்லை. வயர் ஒரே அளவு வளையங்களாகச் சுற்றப்பட்டு, நுனி நடுவில் மூன்று சுற்றுச் சுற்றி, வளையத்துக்குள் நுழைத்து இழுக்கப்பட்டிருந்தது. கடையில் விற்கும்போதுகூட அவ்வளவு அழகாக இருந்திருக்காது.

நான் பாஸின் காதருகே போனேன். "திருடன் வந்து, சார்ஜ் போட்டு, வயரையும் சுத்தி வச்சிட்டுப் போயிருக்கான் பாஸ். இப்படி ஒரு ஆம்பள கெடச்சா நானே கட்டிக்குவேன் லா."

பாஸ் சிரிக்கவில்லை. வாசல் கிரில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தண்ணீர்க் குழாய் மாட்டியிருந்தது. ஒரே அளவு வளையங்கள், நடுவில் மூன்று சுற்று, நுனி உள்ளே. அதன் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் சாமான் கட்டும் கயிறு. அதுவும் அப்படித்தான். டிவிக்குப் பின்னால் இருந்த எக்ஸ்டென்ஷன் வயரும் அப்படித்தான்.

வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று பாஸ் சாதாரணமாகக் கேட்டார். துறைமுகத்தில், கப்பலில் கண்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டும் வேலை என்றார் ரமணி. பெயர் பாலன். காலை ஏழிலிருந்து மூன்று மணி வரை ஷிஃப்ட். முன்பெல்லாம் மூன்றேகாலுக்கு வீட்டில் இருப்பார். இப்போது கொஞ்ச நாளாக ஓவர்டைம், நாலு மணி ஆகிவிடுகிறதாம். தான் மற்ற நாட்களில் ஆறு மணிக்குத்தான் கிளினிக்கிலிருந்து வருவதாகவும் சொன்னார். எத்தனை நாளாக ஓவர்டைம் என்று நான் கேட்டேன். மூன்று வாரம் இருக்கும் என்றார். சொல்லும்போது அவருக்கு அதில் எதுவும் தட்டுப்படவில்லை.

பாஸ் ஒரு சின்ன விஷயத்தைச் சரிபார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொல்லி எழுந்தார்.

மைவி காடியில் ஏறியதும், முகத்தில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஓர் ஆண் பகலில் எங்கே உட்கார முடியும் என்று என்னைக் கேட்டார். யாரும் உள்ளே எட்டிப் பார்க்காத இடத்தில் என்றேன். வரிசை வீட்டில் ஜன்னல் வழியே அக்கம்பக்கம் பார்த்துவிடும், சாப்பாட்டுக் கடை முடியாது, கோயில் முடியாது. அவருடைய சொந்தக் காடிதான் மிச்சம். துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு வரும் சாலையில் மெதுவாகப் போனோம். மூன்று இருபதுக்கு, பந்து விளையாடும் திடலின் ஓரத்தில், பெரிய மரத்தடியில் ஒரு பழைய வெள்ளை சாகா கார் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடியில் வெயில் மறைப்பு அட்டை வைத்திருந்தது.

"நெழல்ல நிக்கிற காடிக்கு எதுக்கு வெயில் மறைப்பு?" என்றார் பாஸ்.

கிட்டே போனோம். அட்டையின் ஓரத்தில் நூல் கனத்துக்குச் சிவப்பு வெளிச்சம் கசிந்தது. வாயில் ஒரு ஜோக் வந்து நின்றது. பாஸ் கண்ணாடியைத் தட்டியதும் அதை விழுங்கிவிட்டேன்.

கண்ணாடி இறங்கியது. இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து முகமூடியைக் கழற்றினார். ஐம்பது, ஐம்பத்திரண்டு வயது இருக்கும். வெயிலில் வெந்த கன்னங்கள், இரண்டு பக்கமும் காப்பி சிந்தியது போலக் கரும்படை. மூக்கின் மேல் முகமூடி அழுத்திய தடம். வேலைச் சட்டையையும் மஞ்சள் பட்டை போட்ட மேலங்கியையும் இன்னும் கழற்றவில்லை. முகமூடியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். விளக்கை அணைக்க மறந்துவிட்டார். அது அவர் தொடையைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தது.

பாஸ் தன் பெயரையும் வேலையையும் சொன்னார். பாலன் தலையை ஆட்டினார். மனைவி துப்பறிபவரிடம் போனது அவருக்குத் தெரிந்தே இருந்தது. திருட வேண்டும் என்று எடுக்கவில்லை, இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று எடுத்ததாகவும், அதற்குள் ரமணி தேட ஆரம்பித்துவிட்டதால் திருப்பி வைக்க வெட்கமாகிவிட்டதாகவும் மெதுவாகச் சொன்னார். ஏன் கேட்டு வாங்கவில்லை என்று பாஸ் கேட்டதற்கு, இதை எப்படிங்க கேட்கிறது என்று மட்டும் சொன்னார்.

தனலெட்சுமிக்கு வேலை போனது தெரியுமா என்று நான் கேட்டேன். பாலன் முகமூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரியும்மா. டெய்லி அவங்க வீட்டு கேட்டத் தாண்டித்தான் வீட்டுக்குப் போறேன். தலையக் குனிஞ்சிட்டே போறேன்."

முகமூடியை எங்கேயோ கிடைத்தது என்று சொல்லிக் கொடுத்துவிட முடியுமா என்று அவர் பாஸிடம் கெஞ்சினார். பாஸ் முடியாது என்றார். ஒரு பொய் அறிக்கை ஏற்கெனவே தன் கையெழுத்தில் இருக்கிறது, இன்னொன்று வேண்டாம் என்றார். பாலன் மேலும் கேட்கவில்லை. விளக்கை அணைத்தார். "நானே வந்து சொல்றேன்" என்றார்.

ரமணி கதவைத் திறந்தபோது கணவர் கையில் முகமூடியைப் பார்த்தார். எங்கே இருந்தது, யாரிடம் இருந்தது என்று வரிசையாகக் கேட்டார். நான்தான் எடுத்தேன் என்றார் பாலன். ரமணி முதலில் நம்பவில்லை. நம்பியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட சிரிப்பு இல்லை, சட்டென்று வரும் சிரிப்புதான். ஆனால் வந்துவிட்டது.

"உங்களுக்கு எதுக்குங்க இது?"

பாலன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லப் போவதில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

"உங்க கிளினிக் டின்னர் அன்னைக்கு டபுள் ஷிஃப்ட் முடிஞ்சி அப்படியே உன்னை ஏத்திக்க வந்தேன். காடிய ஜன்னலுக்குப் பக்கத்துல நிறுத்தியிருந்தேன். ஒரு அம்மா என்னைப் பாத்துட்டு உன்னைக் கேட்டாங்க, உங்க டிரைவர் சாப்பிட்டாரான்னு."

ரமணியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ சொன்னே, அவரு அப்புறம் சாப்பிடுவாருன்னு."

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பாஸைப் பார்த்தேன். அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரமணி மறுக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் புது ஆட்கள், டாக்டர் மனைவி வேறு இருந்தார், சட்டென்று வாயில் வந்துவிட்டது, வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே வந்தேன், உங்களுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன் என்று துண்டு துண்டாகச் சொன்னார். பாலன் அவரைத் திட்டவில்லை. என் முகம் அப்படி இருந்ததால்தானே கேட்டார்கள், அதைக் கொஞ்சம் சரி பண்ணலாம் என்று நினைத்தேன் என்றார். அதைக் கேட்டதும் ரமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

திருடியது யார் என்று கண்டுபிடிக்க ரமணிதான் எங்களை வைத்தார். நாங்கள் கண்டுபிடித்துக் கொடுத்தது இதைத்தான். அந்த ஒரு நாளில் எனக்கு இந்தத் தொழிலே பிடிக்காமல் போனது.

பாஸ் அவர் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு, எந்த இடத்தில் தனலெட்சுமியைத் திருடி என்று சொன்னார்களோ அந்த இடத்திலேயே இல்லை என்று சொல்ல வேண்டும், தானும் வருவதாகச் சொன்னார். ரமணி கணவரைப் பார்த்தார். யார் எடுத்தது என்று கேட்பார்களே, இவரைச் சொன்னால் ஊரே சிரிக்குமே என்றார். பாலன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து காடிச் சாவியை எடுத்தார்.

நான் பக்கத்து வீட்டுக்குப் போய்த் தனலெட்சுமியைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

ஐந்தரை மணிக்குக் கிள்ளானில், பூக்கடைகளும் துணிக்கடைகளும் நெருக்கியடிக்கும் தெருவில் இருந்த அந்த அழகு நிலையத்தில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். தலையில் துண்டு கட்டியவர்கள், முகத்தில் பசை பூசியவர்கள். எங்கள் ஐந்து பேரையும் பார்த்ததும் முதலாளி வாணி ஹேர் டிரையரை நிறுத்தினார். அன்று ரமணி நின்று கத்திய இடத்தில் இப்போதும் ரமணி நின்றார். குரல் எழும்பவில்லை. இரண்டாவது முறைதான் கேட்டது. தனலெட்சுமி எதையும் எடுக்கவில்லை, தான் சொன்னது முழுக்கத் தப்பு என்றார்.

"அப்ப யாரு எடுத்தது?" என்று முகத்தில் பசையோடு ஓர் அம்மா கேட்டார்.

ரமணி தடுமாறினார். வாசலில் நின்ற பாலன் ஓர் எட்டு உள்ளே வந்தார்.

"நான்தான் எடுத்தேன். என் மொகத்துக்குப் போட."

இரண்டு பெண்கள் பக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா அவருடைய அழுக்குச் சட்டையையும் மஞ்சள் மேலங்கியையும் ஏற இறங்கப் பார்த்து, இது யார் என்று ரமணியிடம் கேட்டார்.

"என் வீட்டுக்காரரு," என்றார் ரமணி. அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "இவரு சிரிக்கிற மாதிரி ஒண்ணும் பண்ணல. சிரிக்கிற மாதிரி பண்ணது நான்."

பாஸ் அடுத்துப் பேசினார். விசாரிக்காமல் அறிக்கை எழுதியது தான் என்றார், தன் பெயரையும் ஆபீஸ் பெயரையும் சொன்னார். அந்த ஜோக்கை எழுதியது நான் என்று நானும் சொன்னேன். பாலன் தனலெட்சுமியைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் அதற்குத் தலையை மட்டும் அசைத்தார்.

வாணி அவசரமாக முன்னால் வந்து, திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரும்படி தனலெட்சுமியை அழைத்தார். தனலெட்சுமி வருவதாகச் சொல்லிவிட்டு, இனிமேல் தன் பையை யாரும் தொடக்கூடாது என்றார். வாணி சரி என்றார். பிறகு தனலெட்சுமி ரமணியிடம் திரும்பினார்.

"இங்க சொன்னது போதாது அக்கா. நம்ம லோரோங் வீட்டுக்காரங்க வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டீங்க. தெருவே படிச்சது. அங்கயும் எழுதுங்க."

ரமணி போனை எடுத்தார். அங்கேயே, காலி நாற்காலி ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்து எழுதினார். தனலெட்சுமி தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லையும் படித்தார். 'பக்கத்து வீட்டு அக்கா' என்று ரமணி எழுதியதும் விரலால் அந்த இடத்தைத் தொட்டார்.

"திருடின்னு போட்டப்ப பேர முழுசாத்தானே போட்டீங்க. இப்பவும் முழுசா போடுங்க."

ரமணி அழித்துவிட்டு, தனலெட்சுமி என்று எழுதினார். அனுப்பினார்.

போனை வாங்கி, யார் யார் படித்தார்கள் என்று தனலெட்சுமி பார்த்துக்கொண்டே நின்றார். ஐந்து பேர், ஒன்பது பேர், பதினான்கு பேர். ஹேர் டிரையர் மறுபடி ஓட ஆரம்பித்தது. இருபத்திரண்டு பேர் படித்துவிட்டார்கள். ஒருவரும் ஒரு பதிலும் போடவில்லை. அவர் இன்னும் ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு போனை ரமணியிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

நான் பின்னாலேயே ஓடி, காடியில் கொண்டு போய் விடுகிறேன் என்றேன். பஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சாலையைக் கடந்து, நிறுத்தத்தில் நின்றிருந்த கூட்டத்தோடு போய் நின்றுகொண்டார்.